பதினோரு பேருக்கும் ஒரே கோட்டு

கோட்டுப் போட்டுக்கொண்டால் யாருக்கும் ஒரு குறைச்சலும் வந்துவிடாது. புக்கிட் ரம்பாயில் இருபத்தாறு வருடமாகப் போட்டோ கடை வைத்திருக்கிறேன். கோட்டு வேண்டாம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

மதிப்பிற்குரிய நளினி மேடம், செவ்வாய்க்கிழமை நீங்கள் கல்லூரியிலிருந்து கடைக்குப் போன் செய்தபோது மரியாதையாகத்தான் பேசினீர்கள். "ஐயா, உங்க மக அமானி அனுப்புன படங்கள யாரோ மாத்தியிருக்காங்க. யாரு செஞ்சாங்களோ அவங்களே என்ன நடந்துச்சின்னு எழுதிக் குடுக்கணும். பன்னெண்டு அசல் படமும் வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க கைக்கு வந்துடணும். ஒண்ணு கொறஞ்சாலும் கமிட்டி எடுத்துக்காது," என்றீர்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், குழுவுக்கு நானே படித்துச் சொல்கிறேன் என்றீர்கள். அதனால் எழுதுகிறேன். யாரோ இல்லை, நான்தான். ஹனிபா, அமானியின் அத்தா.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் ஷிப்ட் முடிந்த கையோடு கடைக்கு வருவார்கள். சட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், முகத்தில் தூக்கம் இருக்கும். பெர்மிட்டுக்குப் படம் வேண்டும் என்பார்கள். ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுப்பேன். பிறகு கணினியில் பின்னணியை நீலமாக்கி, அந்தச் சட்டையை எடுத்துவிட்டு, கோட்டை மாட்டிவிடுவேன். ஐந்து நிமிடத்தில் மேனேஜர் ஆகிவிடுவார்கள். அந்தக் கோட்டு என்னுடைய நிக்காஹ் கோட்டு. அலமாரிக் கதவில் தொங்கவிட்டு ஒரு முறை படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பெண்களுக்கு அதையே இடம் வலமாகத் திருப்பினால் பொத்தான் சரியான பக்கத்துக்கு வந்துவிடும். புக்கிட் ரம்பாயில் பாதிப் பேர் என் நிக்காஹ் கோட்டில்தான் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள்.

விண்ணப்பப் பாரத்தில் ஒட்டும் படத்துக்கு விதிகள் உண்டு. வாய் மூடியிருக்கவேண்டும், கண் திறந்திருக்கவேண்டும், இரண்டு காதும் தெரியவேண்டும். எல்லோருக்கும் அது வராது. சிலர் பிளாஷ் அடிக்கும்போது கண்ணை மூடிவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களை இன்னொரு முறை அலையவிடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் நல்ல கண்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்றைய தேதிக்கு அறுபத்திரண்டு ஜோடிக் கண்கள் இருக்கின்றன. மூடிய வாய்கள் நாற்பது. காதுகள் அவ்வளவாக இல்லை. தேவைப்படும்போது ஒன்றைத் திருப்பி மற்றதாக்கிக்கொள்வேன். கொடுத்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இனி அமானி. அவள் பள்ளியில் ஓவியப் பாடம் எடுக்கவில்லை, கணக்கியல் எடுத்தாள். எடுக்கச் சொன்னது நான். அதனால் உங்கள் ஓவியக் கல்லூரியில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அவளுக்கு இடம் தரமாட்டார்கள் என்றும், மனுவோடு கூடுதலாகப் பன்னிரண்டு படங்கள் வரைந்து அனுப்பினால் அதைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்றும் சொன்னாள். அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். இரண்டு வருடம் கரித்துண்டும் தாளுமாக அலைந்தாள். லூபோக் சீனாவுக்குப் பஸ் ஏறிப்போய் எஸ்டேட் ஓரத்தில் உட்கார்ந்து வரைவாள். தங்கா பத்து சந்தையில் நின்றுகொண்டே வரைவாள். கறுத்த விரலோடு வந்து சோற்றுத் தட்டில் கை வைப்பாள், என் மனைவி மரியம் கத்துவாள். படங்களுக்கெல்லாம் சேர்த்து 'யாரும் பார்க்காதபோது' என்று ஒரு பெயர் வைத்திருந்தாள். பெயரைக் கேட்டபோதே எனக்குச் சரியாகப் படவில்லை.

படங்களை இணையத்தில் ஏற்றுவதற்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. கடையில் இருக்கும் பெரிய ஸ்கேனர் அந்த வாரம் முழுவதும் ரிப்பேரில் கிடந்தது. வெள்ளி மதியம்தான் ஆள் வந்து சரி செய்வதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து மூவாரில் மரியமின் தங்கை மகளுக்கு நிக்காஹ். அம்மாவும் மகளும் காலையில் கிளம்பும்போது அமானி ஒரு கறுப்புக் கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உள்ளே பன்னிரண்டு படமும் இருந்தன. கோப்பின் பையில் கட்டைவிரல் அளவு கரித்துண்டு ஒன்றும் கிடந்தது.

"அத்தா, ஸ்கேன் பண்ணி அப்படியே ஏத்திடுங்க. வேற ஒண்ணும் செஞ்சிடாதீங்க, ப்ளீஸ்லா," என்றாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

காரில் ஏறும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து இரண்டரை மணிக்குக் கடையைத் திறந்தேன். ஸ்கேனரை அந்த ஆள் தொழுகைக்கு முன்பே வந்து சரிசெய்திருந்தார். பன்னிரண்டு படம், இரண்டரை மணி நேரம். ஒரு படத்துக்குப் பன்னிரண்டு நிமிடம், என் கைக்கு அது தாராளம். அவள் சொன்ன 'வேற ஒண்ணும்' என்பது எதைக் குறிக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். கஸ்டமர்களும் அப்படித்தான் சொல்வார்கள். 'பாய், சும்மா எடுங்க, ஒண்ணும் செய்ய வேணாம்' என்பார்கள். செய்து கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

முதலாவது படம் வீரப்பன் அண்ணன். லூபோக் சீனா பக்கம் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு கொட்டாவி விடுவதை அமானி வரைந்திருந்தாள். உள்நாக்குவரை தெரிந்தது. கல்லூரியில் படித்தவர்கள் பார்க்கப்போகிற படம், ஒரு மனிதனுடைய உள்நாக்கை ஏன் பார்க்கவேண்டும்? என்னிடமிருந்த நாற்பதில் ஒன்றை எடுத்து வைத்தேன். வங்கியில் வேலை செய்யும் சுரேன் தம்பியுடையது, நல்ல அமைதியான வாய். லாரியை எடுத்துவிட்டு நீலம் வைத்தேன். கோட்டு அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

இரண்டாவது, தங்கா பத்து சந்தையில் பூ விற்கும் பெரியநாயகி அக்கா. குடைக் கம்பியால் முதுகைச் சொறிந்துகொண்டு கண் சொருகி உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு என்னிடம் வழி இருந்தது. ஆனால் கை தூக்கியிருந்ததால் கோட்டு உட்காரவில்லை. அதனால் வலது கையை எடுக்கவேண்டியதாயிற்று. கோட்டுக்குள்ளே இருப்பதுபோலத்தான் தெரியும். குடையையும் எடுத்துவிட்டேன்.

மூன்றாவது ஓர் ஆடு. யாருடைய காரின் மேலேயோ ஏறி நின்று கல்யாண அழைப்பிதழைத் தின்றுகொண்டிருந்தது. ஆட்டுக்கு நான் கோட்டுப் போடவில்லை. எனக்கும் ஒரு அளவு உண்டு. காரையும் அழைப்பிதழையும் எடுத்துவிட்டு, நேராகப் பார்க்கவைத்து, நீலம் மட்டும் வைத்தேன். இரண்டு காதும் தெரியவேண்டும் என்ற விதிக்கு அன்றைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தி வந்தது அந்த ஆடு ஒன்றுதான்.

ஏழாவது படம் என் மனைவி. பகல் சோற்றுக்குப் பிறகு டிவி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி சோபாவில் ஒருக்களித்துத் தூங்குவதை வரைந்திருந்தாள். வீட்டுப் பெண் தூங்குவதை ஊருக்குக் காட்டுவது எந்த ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. மரியமின் சொந்தக் கண்களையே அவளுடைய பழைய பாஸ்போர்ட் படத்திலிருந்து எடுத்து வைத்தேன், அந்நியக் கண் வைக்கவில்லை. ஒருக்களித்த தலையை நிமிர்த்த நேரமில்லை. அதனால் படுத்தபடியே, கோட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணை அகல விரித்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நேர்காணலில் உங்களில் ஒருவர் அந்தப் படம் வந்தபோது நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

மற்றவர்களைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. காது குடைந்துகொண்டிருந்த தொழிற்சாலைக் காவலாளி ஒருவருக்கு விரலை எடுத்தேன். யாரும் இல்லாத பஸ் நிறுத்தத்தில் தனியாக ஆடிக்கொண்டிருந்த பெண்ணை நிற்கவைத்தேன். பன்னிரண்டாவது படம் ஒரு கடைக்காரர். அவருக்கும் சிறு திருத்தம் செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். நான்கு ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் ஏறிவிட்டது. மனு கிடைத்ததென்று உங்களிடமிருந்து வந்த கடிதத்தை அச்செடுத்து, லேமினேட் செய்து, அமானியின் மேசையில் வைத்தேன். அவள் மூவாரிலிருந்து திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். ஏற்றியதைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் நேர்காணல். அவள் அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உங்கள் குழுவில் ஒருவர் படங்களைத் திரையில் காட்டி, "ஏன் எல்லாரும் ஒரே கோட்டுப் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். அவர் அடுத்த படத்தைப் போட்டார், அதற்கடுத்ததைப் போட்டார். கடைசியில் அமானி, "அது எங்க அத்தாவோட கல்யாணக் கோட்டு சார்," என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவேண்டும் என்று சொன்னதல்ல, கோட்டை அடையாளம் தெரிந்ததும் வாயில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் என்னை 'பாய்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். கஸ்டமர்கள் கூப்பிடுவார்களே, அப்படி. "பாய், சாப்பாடு வச்சிருக்கு," என்பாள். "பாய், தண்ணி வேணுமா?" என்பாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. மரியம் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, நான் எப்ப மௌத்தானேன்?" என்று மட்டும் கேட்டாள், கண் திறந்தபடி செத்துக் கிடப்பதுபோல் இருந்ததாம். வீரப்பன் அண்ணன் லைசன்ஸ் புதுப்பிக்கப் படம் எடுக்க வந்தவர் நான் திருத்திய தன் ஓவியத்தின் அச்சைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாய், கண்ணு என்னோடதுதான். இந்த வாயி யாரோடது?"

"உங்களதுதாண்ணே."

"இல்லலா. இந்த வாயிதான் போன மாசம் எனக்கு லோன் கெடையாதுன்னு சொல்லிச்சி," என்றார்.

இவ்வளவும் நடந்ததை மறைக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் போனை வைக்கும்போது நீங்கள் "ஏன் ஐயா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மேலே நான் எழுதியது அமானி படங்களுக்குப் போட்ட எண் வரிசை. நான் வேலை செய்தது அந்த வரிசையில் இல்லை. வாக்குமூலம் என்று வந்தபிறகு அதையும் சொல்லிவிடுவதுதான் முறை. அன்று இரண்டரை மணிக்கு நான் முதலில் கையில் எடுத்தது பன்னிரண்டாவது படம்.

ஒரு போட்டோ கடை. கஸ்டமர் யாரும் இல்லை. கடைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கீபோர்ட் மேல் வைத்திருக்கிறார். அணைத்துவைத்த கணினித் திரையில் முகம் பார்த்தபடி, ஒரு சின்னச் சீப்பால், இடது காதுக்கு மேலே இருக்கும் முடியை எடுத்து வழுக்கையின் குறுக்கே வலது காதுவரை கொண்டுபோய்ப் படியவைக்கிறார். அந்தக் கடைக்காரர் நான்தான்.

பன்னிரண்டு வருடமாக நான் தொப்பி இல்லாமல் வெளியே வந்ததில்லை. எனக்குத் தலையில் முடி இல்லை என்பது மரியமுக்கு மட்டும்தான் தெரியும், அவளும் கண்டும் காணாமல் இருப்பவள். அந்தச் சீப்பை லேமினேட் உறைகள் வைக்கும் இழுப்பறையில் அடியில் வைத்திருக்கிறேன். கடையில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்துத்தான் எடுப்பேன். பின்கதவு வழியாகச் சாப்பாடு கொண்டுவந்த பிள்ளை அங்கேயே நின்று பார்த்திருக்கிறாள். ஒரு நாளில்லை, பல நாள் பார்த்திருந்தால்தான் அப்படி வரையமுடியும். அதிலும் தலையில் ஒன்பது கோடுதான் போட்டிருந்தாள். உண்மையில் பதினான்கு இருக்கின்றன. ஒரு கல்லூரிக்குத் தவறான தகவல் போகக்கூடாது என்று எனக்குப் பட்டது.

எனக்கு வலித்தது மேடம். அதை மறைக்க விரும்பவில்லை.

நான் நினைத்தது ஒரே ஒரு திருத்தம். என் நிக்காஹ் படத்திலிருந்து முடியை எடுத்து வைத்தேன். முடி வந்ததும் முகம் கிழடாகத் தெரிந்தது, அதனால் முகத்தைக் கொஞ்சம் சரிசெய்தேன். முகம் தெளிந்ததும் சட்டை பழசாகத் தெரிந்தது, கோட்டுப் போட்டேன். கோட்டுக்குப் பின்னால் கடை பொருந்தவில்லை, நீலம் வைத்தேன். அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் மற்ற படங்களில் எல்லோரும் கரியும் வியர்வையுமாக இருக்கும்போது, ஒருவர் மட்டும் தலை நிறைய முடியோடு மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். ஒருவர் கோட்டுப் போட்டிருந்தால் கேள்வி வரும். எல்லோரும் போட்டிருந்தால் அது விதி. ஆகவே மற்றப் பத்துப் பேரையும் அந்த ஆட்டையும் ஒழுங்கு செய்தேன். வீரப்பன் அண்ணனின் வாயும் பெரியநாயகி அக்காவின் கையும் போனது இதற்காகத்தான். மரியமின் தூக்கம் போனதும் இதற்காகத்தான். மகளுடைய இரண்டு வருட உழைப்பை ஒரு பிடி முடிக்காக அழித்துவிட்டேன் என்று மரியம் சொல்கிறாள். இப்போது எழுதிப் பார்க்கும்போது அப்படித்தான் தெரிகிறது.

நேற்று அமானி கடைக்கு வந்தாள். பதினோரு அசல் படங்களை ஒரு பெரிய உறையில் போட்டு ஒட்டியிருந்தாள். பன்னிரண்டாவது படம் மட்டும் கோப்பில் இருந்தது.

"அத்தா," என்றாள். எட்டு நாளைக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டேன். "இது உங்க படம். உங்ககிட்டக் கேக்காம வரஞ்சது என் தப்புத்தான். போகணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"போகலன்னா?"

"பதினொண்ணு மட்டும் போனா எடுத்துக்க மாட்டாங்க. எடம் கெடைக்காது." உறையின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டாள். "பரவால்லலா. நான் கடைக்கே வந்துடறேன். வாயி, கண்ணு எல்லாம் எப்படிச் சேத்து வைக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவள் போனபிறகு படத்தை எடுத்துச் சரியாகப் பார்த்தேன். முதல் தடவை நான் தலையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். காலர் பொத்தான் ஒன்றை மரியம் வேறு நூலில் தைத்திருப்பாள், அதை அமானி வரைந்திருந்தாள். எனக்கு முதுகு கொஞ்சம் கூனியிருக்கிறது, அதையும் வரைந்திருந்தாள். திரையில் தெரிகிற முகத்தில், முடி படிந்துவிட்டது என்ற திருப்தியில் ஒரு சின்னச் சிரிப்பு. என்னிடம் இருக்கும் நாற்பது வாயில் அப்படி ஒன்று இல்லை. பிடிக்காதவரை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்து வரைந்திருக்க முடியாது. கடைக்கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு முடிவு செய்தேன். என் கௌரவத்தைவிட என் மகளின் படிப்புதான் பெரிது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும், படம் போகட்டும் என்று மரியமிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நெசமாவா?" என்றாள். இன்றைக்கு அமானியிடமும் சொன்னேன். "தேங்க்ஸ் அத்தா," என்று சொல்லி என் தொப்பிக்கு மேலேயே ஒரு முத்தம் கொடுத்தாள். இந்த வயதில் ஒரு தகப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே பன்னிரண்டு அசல் படங்களும் இக்கடிதத்துடன் வருகின்றன. பதினோரு படங்களை நான் தொடவில்லை, உறையை ஒட்டியது அமானிதான். நடந்த எதிலும் அவளுக்குப் பங்கில்லை. தண்டனை ஏதும் உண்டென்றால் எனக்குக் கொடுங்கள், அவளுக்கு இடம் கொடுங்கள். கோப்பின் பையில் கிடந்த கரித்துண்டு தீர்ந்துவிட்டது, அவள் கிளம்புவதற்குள் புதிதாக ஒன்று வாங்கி வைக்கவேண்டும். பன்னிரண்டாவது படத்தில் நெற்றிக்கு மேலே கரி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம், கூரியரில் வரும்போது குலுங்கி நகர்ந்திருக்கும். அப்படி நகர்ந்துவிடக் கூடாதே என்றுதான் அந்த ஒரு படத்தை மட்டும் இங்கேயே லேமினேட் செய்து அனுப்புகிறேன்.